அடுத்த வீட்டு நெஞ்சுவலி

"இந்தத் தெருவுல மனுஷங்கதானே குடியிருக்காங்க?" என்று கேட்டபடி சூப்பர்வைசர் அம்மா நாற்பது படிவங்களையும் மேஜை மேல் போட்டார்.

கணக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெஞ்சுவலி, பக்கவாதம் யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரக்கூடும் என்று தன் தெருவையே வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவளுக்குக் கிடைத்த மூன்று மாத வேலை. ஒழுங்காக முடித்தால் நிரந்தரம். இரண்டாம் நாளே தெரு அவளுக்குக் கணக்கம்மா என்று பேர் வைத்துவிட்டது.

"ஒருத்தர்கூட சிகரெட் பிடிக்கலையாம். உப்பு, எண்ணெய்னா என்னன்னே தெரியாதாம். நாற்பது வீடும் காலையில வாக்கிங் போகுதாம். அப்புறம் எதுக்கும்மா போன வருஷம் இந்தத் தெருவுக்குப் பதினோரு தடவை ஆம்புலன்ஸ் வந்துச்சு? வழி தவறியா?"

"அவங்க சொன்னதைத்தான் மேடம் எழுதினேன்."

"சனிக்கிழமைக்குள்ள நிஜத்தை எழுதிட்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

அன்றிலிருந்து கணக்கம்மா யாரையும் நம்பவில்லை. யாராவது சிரித்தால் பல்லில் கறை தேடினாள். குப்பைத் தொட்டியில் எண்ணெய் பாக்கெட்டுகளை எண்ணினாள். யாராவது மாடியேறினால் கீழே நின்று மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

முதலில் மாட்டியவர் தையல்காரர். கடைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

"என்னண்ணே இது?"

"ஊதுபத்திம்மா."

"ஊதுபத்தியை வாயிலயா வைப்பாங்க?"

தையல்காரருக்கு மானம் போய்விட்டது. போன மானத்தைச் சும்மா விடுவாரா? சாயங்காலத்துக்குள் ஒரு செய்தி தெருவைச் சுற்றி வந்தது. கணக்கம்மா உளவு பார்க்கிறாளாம். பிரஷர் என்று எழுதிவிட்டால் வேலை போகுமாம், லாரி டிரைவருக்கு லைசென்சே போகுமாம். மறுநாள் அவள் தலையைக் கண்டதும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

லாரி டிரைவரின் மனைவி மட்டும் ஜன்னலை நாலு விரல் திறந்தாள்.

"எங்க வீட்டுல ஒண்ணும் கிடையாது. தையல்காரரைப் போய்க் கேளு. தினம் ரெண்டு பாக்கெட் ஊதறார். போன மாசம் வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. பல்வலின்னு சொல்லி மஃப்ளரைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சார்."

கணக்கம்மாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நம் ஜனங்களிடம் உண்மைக்குப் பஞ்சமே இல்லை. அது இருக்கிற இடம்தான் வேறு: பக்கத்து வீட்டு உண்மை இவர்களிடம் இருக்கிறது, இவர்கள் உண்மை பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அடுத்த கதவைத் தட்டினாள். "உங்களைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். பக்கத்து வீட்டைப் பத்திச் சொன்னாப் போதும்."

கதவு விரியத் திறந்தது. நாற்காலி வந்தது, டீ வந்தது. "உட்காரும்மா, நின்னுக்கிட்டே எழுதற விஷயமா இது?" என்றார்கள். இரண்டு நாளில் நாற்பது வீடும் எழுதி முடித்துவிட்டாள். பின்சந்தில் இருந்த டீச்சர் மட்டும், "நான் யாரைப் பத்தியும் பேசறதில்லைம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். வாய் திறக்காதவள் வீட்டில்தான் பெரிய விஷயம் இருக்கும் என்று கணக்கம்மா அந்தப் படிவத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற அவள் புருஷன் அன்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தெருவே பொய்யிங்க. உங்களை மாதிரி ஒரு வெள்ளை மனசு கிடையாது."

"நம்ம வீட்டையும் எழுதிட்டியா?"

"முதல் படிவமே நம்மளதுதான். யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே!"

"அதுவும் சரிதான்" என்று அவர் பக்கத்தைப் புரட்டினார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா பிரஷர் பார்க்கும் கருவியோடு தெருவுக்கே வந்துவிட்டார். வருவதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரு முழுக்கச் சண்டை. தையல்காரரும் டிரைவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிலையில் யார் கையில் கருவியைக் கட்டினாலும் முள் எகிறியது.

"என்னம்மா இது? போன வாரம் எல்லாரும் மகான், இந்த வாரம் எல்லாரும் நோயாளி. இந்த ஹெட்மாஸ்டருக்கு மூணு வீட்டுல மூணு ஹார்ட் அட்டாக் சொல்லியிருக்காங்க, மூணும் வேற வேற தேதி!"

ஹெட்மாஸ்டர் முன்னால் வந்தார். "முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் லீவு போட்டதில்லை. மூணு அட்டாக்கை எப்பங்க வெச்சுக்கிட்டேன்?"

கணக்கம்மாவுக்குக் கண் கலங்கியது. வேலை கை நழுவுவது கண்ணெதிரே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டிரைவர் கத்தினார்.

"எங்க வீட்டையெல்லாம் ஊரைக் கேட்டு எழுதினியே, உன் வீட்டை யாரைக் கேட்டு எழுதினே?"

"என் வீட்டுல ஒளிவுமறைவு கிடையாது. யாரை வேணா கேட்டுக்குங்க!"

சூப்பர்வைசர் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல யோசனை. அந்த ஒரு படிவமாவது பொருந்திச்சுன்னா மீதியை நானே கூட இருந்து திருத்தித் தரேன், வேலையும் உங்களுக்குத்தான். இந்தத் தெருவுல யாரைப் பத்தியும் வம்பு பேசாதவங்க யாரு?"

அடித்துக்கொண்டிருந்த தெரு, முதல் தடவையாக ஒரே பக்கம் கை காட்டியது. பின்சந்து டீச்சர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"இவங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?"

"இல்லைங்க."

கணக்கம்மா நிமிர்ந்து நின்றாள்.

"தினம் காலையில ஒரு மணி நேரம் வாக்கிங். சரியா?"

டீச்சர் கணக்கம்மாவைப் பார்த்து விழித்தார். கணக்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன் டீச்சர் முழிக்கிறீங்க? உங்க சந்து வழியாத்தானே தினம் போறாரு? பார்த்ததைத் தைரியமா சொல்லுங்க. எதையும் மறைக்க வேண்டாம்!"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்து திரும்பினதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எங்க வாசப்படியில உட்கார்ந்துடறாரும்மா. ஒரு மணி நேரம் கழிச்சு மூச்சு சரியானதும், 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், எழுதிடுவா'ன்னு சொல்லிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துடறாரு."