பிச்சைப் பாத்திரத்தில் பாகற்காய்

இனிப்புக் கடைக்காரன் பெண்டாட்டி இனிப்பை விட்டால் ஊர் என்ன பேசும்? சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று பேசும்.

தாய்லாந்தின் பெட்சபுரியில் என் கடை மோகெங் இனிப்புக்குத் தனி மரியாதை. முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் கலந்து சுட்டால் வாசனை தெருமுனை வரை போகும். என் மனைவி பெயர் வான். எங்கள் பாஷையில் அதற்கு இனிப்பு என்று பொருள். அந்த இனிப்புதான் இனிப்பை விட்டது.

அவளுக்கு மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி என்றார் டாக்டரம்மா. சர்க்கரையையும் வெள்ளை அரிசியையும் குறை, தினமும் நட, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பெரிய வைத்தியம்! அன்று முதல் வீட்டில் சிவப்பரிசி, வேகவைத்த மீன், பாகற்காய்.

“என்னடி இது, மாட்டுத் தீவனமா?”

“உங்களுக்கு வேணாம்னா விடுங்க.”

“நல்லா மென்னு சாப்பிடு. அசை போட மறந்துடாதே!”

அவள் மென்று சாப்பிடுவாள். சாயங்காலம் ஆற்றங்கரையில் கையை வீசிக்கொண்டு நடப்பாள். நான் கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் கோவிலுக்குப் போனோம். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாகற்காய் தின்னா நீர்க்கட்டி சரியாயிடுமாக்கும்! நடக்கிற காரியமா?”

“அவ்வளவு நிச்சயமா சொல்றீங்களே, புத்தர் முன்னாடி நேர்ந்துக்குவீங்களா?”

“எனக்கென்ன பயம்? உன் தீவனம் வேலை செஞ்சா, மொட்டை அடிச்சுக்கிட்டுப் பதினஞ்சு நாள் பிக்குவா இருக்கேன். போதுமா?”

“ஊதுபத்தி கொண்டாந்திருக்கேன். கொளுத்திட்டுச் சொல்லுங்க.”

கொளுத்தினேன். நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன். விழுந்து கும்பிட்டு எழுந்தேன்.

“நாலு மாசமா தள்ளிப்போகாம வருதுங்க,” என்றாள் வான். “நேத்து டாக்டரம்மாவே பார்த்துட்டுச் சந்தோஷப்பட்டாங்க.”

“அடிப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீங்க எங்க கேட்டீங்க? சிரிக்கவே உங்களுக்கு நேரம் பத்தல.”

எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். இருந்தாலும் கை தன்னால் தலைமுடியைத் தடவிப் பார்த்தது.

நேர்ந்துகொண்டு சில நாள் பிக்குவாக இருந்து திரும்புவது எங்கள் ஊர் வழக்கம்; தட்ட முடியாது. ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. கல்யாணமானவன் பிக்குவாக வேண்டுமென்றால் மனைவி சம்மதிக்க வேண்டும். பெரிய பிக்கு அவளைக் கேட்டார்.

“பூரண சம்மதம் சாமி. வேணும்னா ஒரு மாசமே வெச்சுக்கோங்க.”

முடி போயிற்று. புருவமும் போயிற்று. மத்தியானத்துக்கு மேல் பட்டினி. பாத்திரத்தில் விழுந்ததைத்தான் சாப்பிட வேண்டும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பிக்கு வாய் திறக்கக் கூடாது. போகட்டும், காலையில் எங்கள் தெருவுக்குத்தானே பிச்சைக்குப் போகிறோம், மோகெங்குக்கா பஞ்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தெருவில் நுழைந்ததுமே என் கடை வாசனை வந்தது. வாசலில் வான் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் வரிசையாக அக்கம்பக்கத்துப் பெண்கள். வான் சிவப்பரிசிச் சோறு வைத்தாள். மேலே பாகற்காய். அடுத்தவளும் பாகற்காய். அதற்கடுத்தவளும் பாகற்காய்.

“சாமிக்கு இனிப்பு ஆகாதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன்,” என்றாள் வான், கூப்பிய கையை எடுக்காமல். “நல்லா மென்னு சாப்பிடுங்க சாமி.”

தானம் கொடுத்தவரை பிக்கு வாழ்த்தியே ஆக வேண்டும். “நினைத்ததெல்லாம் நடக்கட்டும்” என்று என் வாயாலேயே அவளை வாழ்த்தினேன்.

இனிமேல் நடக்க என்ன பாக்கி?