மாப்பிள்ளை ஊர்வலத்தில் ரேஸ் கேம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் நண்பன் படித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கே வந்துவிடுவான். வரட்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, பெண் பார்ப்பதைவிட அதிகமாக யோசித்து ஒரு இரும்புத் தண்டைத் தேர்ந்தெடுத்த மனுஷன் கேம்ஷாஃப்ட் ஒருத்தன்தான்.

அது பட்டப்பெயர். எஞ்சினில் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று முடிவு செய்கிற தண்டுக்குத்தான் அந்தப் பெயர், சுருக்கமாக கேம். கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன், தன் பழைய காருக்கு எந்த கேம் போடலாம் என்று டீக்கடை, சலூன், சாவு வீடு என ஒரு இடம் விடாமல் கேட்டான்.

"சின்னதா போடு. ஊருக்குள்ள ஓட்ட அதான் சரி" என்றேன்.

"ஊருக்குள்ள ஓட்டவாடா இந்த வண்டி? வால்வு ஜாஸ்தி நேரம் தொறந்தாதான் மச்சான் எஞ்சின் நல்லா மூச்சு வுடும்."

இருப்பதிலேயே பெரியதை, ரேஸ் வண்டிக்குப் போடுகிற கேமை மாட்டினான். சிதம்பரம் ரோட்டில் மிதித்தால் பறந்தது. மெதுவாகப் போனால் மட்டும் குளிர் ஜுரம் வந்ததுபோல உதறி அணைந்துவிடும். "மெதுவா யாரு போறா?" என்பான்.

அவன் தங்கச்சி கல்யாணம் வந்தது. சிதம்பரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அப்பா இல்லாத வீடு. தங்கச்சிக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று ஓடியாடியவன், மாப்பிள்ளை தன் காரில்தான் வர வேண்டும் என்று நின்றான். ஊர்வலக் கார் நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் போகும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கீழ வீதி திரும்புவதற்குள் வண்டி அணைந்து அணைந்து எழுந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் மாப்பிள்ளையின் மாலையில் பூ உதிர்ந்தது. எஞ்சின் உறுமலில் தாளம் தப்பிய தவில்காரர் திரும்பி முறைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்பா, பொண்ணு வூட்ல ஒரு நல்ல வண்டிகூட வைக்க மாட்டீங்களா?"

கேம்ஷாஃப்ட் முகம் செத்துவிட்டது. அவன் எஞ்சினை நிறுத்தினான். நண்பர்கள் பின்னால் போய்த் தள்ளினோம்.

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை அவன் பக்கம் சாய்ந்தார். "இப்பதான் மச்சான் மேளமே காதுல வுழுது. இப்புடியே போவலாம்."

பெரியப்பா முன்னால் போய் மேளக்காரர்களோடு நடந்தார். கேம்ஷாஃப்ட் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முகத்தைத் துடைத்தபடியே வந்தான்.

அந்த வாரமே பழைய கேமை மாட்டிவிட்டான். அதற்கு மட்டும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

போன வாரம் வம்புக்கு அவனை போனில் கூப்பிட்டேன். "பெரிய கேம மறுபடி எப்ப மாட்டப்போற?"

"தங்கச்சி மாசமா இருக்கா மச்சான், அவ பின்சீட்ல அசந்து தூங்குற மாதிரி ஒரு கேம் இருந்தா சொல்லு."