உங்கள் தங்கையின் கிளாஸில் எத்தனை கலோரி

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் உங்கள் தங்கையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் போனில் கூப்பிட்டாலும் அவளே எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

போன மாதம் இங்கே சாப்பாட்டு மேஜையில் நீங்கள் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "மாப்பிள்ளை, நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே, ஒரு கிளாஸ் வைன்ல எத்தனை கலோரி இருக்கும்?" சும்மா கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ரிட்டையரான வாத்தியாரிடம் கேள்வியை விட்டுவிட்டுப் போவது, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கடைக்குப் போவது மாதிரி.

உங்கள் தங்கையின் முழங்கால் ஆபரேஷன் விஷயம் உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை எடை பார்க்கப்போகிறார்கள், குறைந்திருந்தால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த வருஷம்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்திரிக்கு இத்தனை கலோரிதான் என்று அளவும் கொடுத்தார். அவள் சாயங்காலம் குடிக்கும் அந்த ஒரு கிளாஸ் வைனையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். நான் அதை வாயில் வைத்ததே இல்லை, ஆனால் கணக்குப் போடுவதற்குக் குடிக்க வேண்டுமா என்ன? திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையைப் புத்தகத்தில் பார்த்தேன், கிராமுக்கு நாலு கலோரி. பாட்டிலில் போட்டிருந்த ஆல்கஹால் அளவைக் கணக்கிட்டேன், கிராமுக்கு ஏழு கலோரி. இரண்டையும் கூட்டினால் கிளாஸுக்கு இருநூற்றிருபத்தைந்து வந்தது. சிவப்பு மையில் எழுதிப் பாட்டில் மேலேயே ஒட்டினேன்.

"முப்பது வருஷம் பசங்களுக்கு மார்க் போட்டது போதாதா, இப்ப என் பாட்டிலுக்கு வேறயா?" என்றாள். பிறகு, "அப்ப ராத்திரிக்கு நான் என்னதான் சாப்பிடறது?" என்றாள். அரை வெள்ளரிக்காய் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் வைனைக் குடித்துவிட்டு அந்த அரை வெள்ளரிக்காயையும் என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மூணு ராத்திரி இதே கதை. நாலாம் நாள் காலையில படியிலேயே தலைசுத்தி உட்கார்ந்துட்டா, மச்சான். ஓடிப்போய்ப் பிடிச்சேன். கையெல்லாம் சில்லுன்னு இருந்தது. அப்பவும், "விடுங்க, நீங்க தொட்டா அதுக்கும் எத்தனை கலோரின்னு எழுதி ஒட்டுவீங்க"ன்னா. மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா.

நேற்று வீட்டில் ஆளில்லாமல் கணக்கை மறுபடி பார்த்தேன். கிளாஸுக்கு முப்பது கிராம் சர்க்கரை என்று எழுதியிருந்தேன். அதாவது ஏழு ஸ்பூனுக்கு மேல். ஒரு டம்ளர் தண்ணீரில் ஏழு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் குடித்தேன், தொண்டையை அடைத்தது. பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வைனை ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, துவர்ப்பு. இனிப்பு பேருக்குக்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. சாற்றில் இருந்த சர்க்கரைதானே நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது? அதே பாடத்தை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன். கல்யாணமாகிப் போன பெண்ணைப் பிறந்த வீட்டிலும் ஒரு ஆள், புகுந்த வீட்டிலும் ஒரு ஆள் என்று இரண்டு தலையாக எண்ணுவது மாதிரி, ஒரே சர்க்கரையை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். சர்க்கரையைக் கழித்தால் கிளாஸுக்கு நூற்றைந்துதான்.

ஆகவே மச்சான், பாதி கலோரியை நான்தான் இல்லாததிலிருந்து உண்டாக்கினேன் என்று அவளிடம் சொல்லுங்கள். வழக்கம்போல ஒரு கிளாஸ் குடிக்கட்டும், ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடட்டும். பட்டினி கிடந்து மறுபடி விழுந்துவிடாமல், கோபத்தில் அள்ளிச் சாப்பிட்டும் விடாமல் திங்கட்கிழமை வரை பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் காத்திருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஒரு சந்தேகம். கிளாஸ் என்றால் நூற்றைம்பது மில்லி என்று புத்தகத்தை நம்பித்தான் கணக்குப் போட்டேன். அவள் கழுவாமல் விட்டுப்போன கிளாஸில் கறை ஏறியிருந்த கோடு வரை தண்ணீர் ஊற்றி, இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தேன். முந்நூற்றுப் பத்து மில்லி. ஆக, பழைய இருநூற்றிருபத்தைந்தே கிட்டத்தட்ட சரி. மேலே எழுதியதில் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலேயே சின்ன கிளாஸாகத் தேடி எடுத்து, விளிம்பு வரை நிரப்பி, அவள் முன்னால் வைத்துப் பாருங்கள்.