கடல்மட்டம் அண்ணாச்சியும் ரெண்டடி மலையும்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல் விமானங்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் விமானிகள் எல்லாரும் சேர்ந்து, உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் கடைத்தெருவில் அவருக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். வைத்தாலும் பிரயோஜனமில்லை. உயரம் அதிகம் என்று அவரே வந்து சிலையின் தலையைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

ஊரில் அவருக்குக் கடல்மட்டம் அண்ணாச்சி என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டம்மாவுக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வீட்டு பிளான் வரைந்து கையெழுத்துப் போடும் லைசென்ஸ்காரர். நான் அப்போது அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். என் கடைக்குள்தான் அவர் மேஜை. இடத்தில் பாதி எனக்கு, பாதி அவருக்கு, தலைவலி முழுவதும் எனக்கு.

பக்கத்து மலையில் சிறு விமானங்கள் இறங்கிப் பழக ஒரு ஓடுபாதை போட்டார்கள். பின்னாலேயே பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு கலர் வரைபடம் வந்தது. சிவப்புக் கட்டத்தில் எதைக் கட்டினாலும் விமானத் துறையிடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மற்றக் கட்டங்களில் கூரையின் உச்சி இத்தனை மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மீட்டரைத் தரையிலிருந்து எண்ணக் கூடாது, கடல் மட்டத்திலிருந்து எண்ண வேண்டும். எங்கள் ஊரோ பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும். ஆகவே, மலை தின்றது போக மிச்சமிருக்கும் உயரத்தில்தான் நாங்கள் வீடு கட்டலாம். பள்ளத்தில் இருப்பவன் மூன்று மாடி எழுப்பலாம். மேட்டில் இருப்பவன் கோழிக்கூடு கட்டுவதற்கும் யோசிக்க வேண்டும்.

மற்ற பிளான்காரர்கள் அந்தப் படத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டார்கள். அண்ணாச்சி அதை லேமினேட் செய்து என் கடைச் சுவரில் மாட்டி, தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று படித்தார்.

"அண்ணாச்சி, நம்ம ஊருல கடலே இல்லியே?" என்று டீக்கடைக்காரர் வம்புக்கு இழுத்தார்.

"கடல் இல்லாட்டி என்னவே, மட்டம் இருக்குல்லா?"

"சரி, பின்னால இம்புட்டுப் பெரிய மல நிக்குதே, அதுக்கு யாரு பெர்மிட்டு குடுத்தா?"

"மல பழைய கட்டடம்வே. ரூலு வாரதுக்கு முன்னாடியே கட்டியாச்சு. புதுசுக்குத்தான் சட்டம்."

டீக்கடைக்காரர் அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

அதன் பிறகு ஊரில் ஒரு பொருளும் நிம்மதியாக உயர முடியவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றினால் அண்ணாச்சி டேப்போடு நிற்பார். டிவி டிஷ் மாட்டினால் நிற்பார். எங்கள் வீட்டுப் பப்பாளி மரத்தை ஒருநாள் அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே என் மனைவி பயந்து காயை எல்லாம் பறித்துவிட்டாள். மரத்தின் உயரத்துக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வாள். இத்தனைக்கும் அந்த ஓடுபாதையில் அதுவரை இறங்கியதில் பெரும்பாலானவை மாடுகள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் கோயில்காரர்கள் மூங்கிலோடு மூங்கில் சேர்த்துக் கட்டி, உச்சியில் நட்சத்திரம் ஏற்றினார்கள். யார் நட்சத்திரம் உயரம் என்பதில் எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குள் வருஷாவருஷம் போட்டி. அங்கேயும் அண்ணாச்சி டேப்போடு போய் நின்றார்.

"நட்சத்திரம்னா ஒசரத்துலதான அண்ணாச்சி இருக்கணும்?" என்றார் கோயில் பொறுப்பிலிருந்த உபதேசியார்.

"இருக்கட்டும். வேண்டாங்கல. ஒசரமான சாமானுக்குச் செவப்பு லைட்டு போடணும். ராத்திரி பைலட்டுக்குத் தெரியணும்லா?"

அந்த வருஷம் எங்கள் மலையில் இயேசு பிறந்ததைச் சிவப்பு நட்சத்திரம்தான் அறிவித்தது. செங்கொடிக் கட்சி ஆபீஸ்காரர்கள் தங்களுக்கு ஆதரவாக ஏற்றியது என்று நினைத்து வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன், செல்வராணி அக்கா கடைக்கு வராமல் இருந்திருந்தால். ஏலத்தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் காய் பறித்தவர். அந்த மார்ச் கடைசியில் ஓய்வு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டும். போக வேறு இடம் கிடையாது. கணவர் இருந்தபோது மேட்டில் வாங்கிப் போட்ட அஞ்சு சென்ட் மட்டும் இருந்தது. அதில் ஒரு அறையும் அடுக்களையும் கட்ட பிளான் வேண்டும்.

அண்ணாச்சி மேட்டுக்குப் போய் அளந்தார். திரும்பி வந்து கணக்குப் போட்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கூரை ரெண்டடி கூடுதம்மா."

"ரெண்டடிதான அண்ணாச்சி? பிளேனு அம்புட்டுத் தாழவா வருது?"

"வராது."

"பொறவு?"

"வந்துட்டா?"

"ஒரு எண்ணை மாத்திப் போடுங்களேன் அண்ணாச்சி, ஜெராக்ஸ்ல எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

"பைலட்டு பாப்பான்வே."

"அப்ப கூரையைத் தாழ்த்துங்க."

"கூரையத் தாத்துனா, அறைக்கு இம்புட்டு ஒசரம் வேணும்னு கட்டட ரூலு விடாது. ஏத்துனா விமான ரூலு விடாது. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டடி கெடக்குவே."

செல்வராணி அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பால் மேஜையில் இருந்த தூசியைத் துடைத்தார். "அப்ப நான் எங்கிட்டுப் போயி நிக்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். ஏழு வருஷப் பழக்கத்தில் அந்த மனிதரை நான் வெறுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மேஜை காலி. அதற்கடுத்த நாளும் காலி. மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "ஓய், கடல்மட்டத்துக்குப் புத்தி பெரண்டுபோச்சு. மேட்டுல நின்னு மண்ண வெட்டுதாரு!"

போய்ப் பார்த்தேன். முட்டிவரை மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, கை இரண்டும் கொப்புளம். வீடு வரவேண்டிய இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"வீட்டத் தாத்த முடியாது. மலயத் தாத்தலாம்லா?" என்றார் மூச்சு வாங்க. "தரைய ரெண்டடி எறக்கிட்டா கூர தானா எறங்கிரும். சும்மா நிக்காதயும். மண்ண அந்த ஓரத்துல தட்டும். இந்த அஞ்சு சென்டத் தாண்டி ஒரு சட்டி மண்ணு வெளிய போகப்படாது. அதுக்குத் தனிப் பெர்மிட்டு."

நான் மண்வெட்டியை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உபதேசியார் பத்துப் பேரோடு வந்தார். சிவப்பு லைட்டுக் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் வந்தார். டீக்கடைக்காரர் தூக்குச்சட்டியில் டீ கொண்டு வந்தார். செல்வராணி அக்கா எல்லாரையும்விட வேகமாக மண் சுமந்தார். வெட்டிய மண் கீழ் ஓரத்தில் காய்கறிப் பாத்தி ஆனது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் சுற்றிலும் அண்ணாச்சி கால்வாய் எடுத்தார்.

கடைசி நாள் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தார். முகம் மாறியது. "எந்த மடப்பயவே இந்த மூலையில நின்னு வெட்டுனது?"

நான்தான். உற்சாகத்தில் இரண்டு அங்குலம் அதிகமாக இறக்கிவிட்டேன், என்னைப் பார்த்து மற்றவர்களும் அதே ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். மறுபடி மண்ணை நிரப்பச் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் காகிதத்தை எடுத்து நெடுநேரம் கணக்குப் போட்டார். அரை அங்குலத்துக்காக ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர்.

"செல்வராணி, ஒனக்கு ரெண்டு இஞ்சு மிச்சம் இருக்கு. சுவத்த அம்புட்டும் ஏத்திக் கட்டிக்கலாம். காத்து நல்லா வரும்" என்றார். அப்படியே பிளான் வரைந்து கையெழுத்துப் போட்டார். பெர்மிட் வந்தது. மார்ச் கடைசியில் லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, பூசாத சுவர்களுக்குள் அக்கா குடி போனார்.

இன்றும் அந்த வீட்டுக்கு யார் போனாலும், அக்கா சுவர் உச்சியைக் காட்டி, "இந்த ரெண்டு இஞ்சு அண்ணாச்சி குடுத்தது" என்பார். வெட்டியது நான் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். சொன்னதில்லை. அவர்தானே கொடுத்தார்.