ஒன்றரை மணி வழக்கு

தாம்பரத்தில் வாய்தா அண்ணாவைப் போல ஒரு புளுகர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. நான் ஜூனியர் வக்கீலாக இருந்த ஆபீஸின் குமாஸ்தா அவர். கட்சிக்காரர்களுக்கு மட்டுமல்ல, தன் பல்வலிக்கும் கல்யாணத்துக்கும்கூட வாய்தா போட்டே ஐம்பதைத் தாண்டியவர்.

எங்கள் சீனியரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஜூனியருக்கு வயிறு கிடையாது, காய்ச்சல் கிடையாது, கத்திரி வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றக் கூடாது. சாப்பிட்டு வருகிறேன் என்றால், "உன் வயசுல நான்லாம் ஒரு வேளைதான் சாப்ட்டேன்மா" என்பார், வடையைக் கடித்தபடி. இதற்குப் பெயர் தொழில் பயிற்சியாம்! அடுக்குமா இது?

அவர் மதித்தது கேஸ் டைரியை மட்டும்தான். அதில் இருந்தால் ஜூனியர் போயே ஆகவேண்டும். டைரி எழுதுவதோ வாய்தா அண்ணா. ஒருநாள் நான் பசியில் தள்ளாடியதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? இரு."

மறுநாளிலிருந்து தினமும் ஒன்றரை மணிக்கு ஒரு வழக்கு முளைத்தது. 'அன்னம்மாள் எதிர் பசுபதி, பாகப்பிரிவினை.' ஜூனியர்கள் மூன்று பேரும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கோர்ட் மரத்தடியில் டிபன்பாக்ஸைத் திறந்து பாகம் பிரித்தோம்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியபிறகு எனக்கு டெங்கு வந்தது. லீவு கேட்டால் சீனியர் தரமாட்டார். அண்ணா அசரவில்லை. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் கோர்ட் உத்தரவுப்படி ஒரு நிலத்தை அளக்கப் போயிருப்பதாக டைரியில் எழுதிவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அந்த வாரம் பார்த்துத்தானா சீனியருக்கு ஆசை வரவேண்டும்? "இந்த அன்னம்மா கேஸ் ரெண்டு வருஷமா இழுக்குது, நானே ஆர்க்யூ பண்றேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்றரைக்குப் போய் நின்றிருக்கிறார். கோர்ட் காலி. நீதிபதி சாப்பிடப் போயிருந்தார்! அது ஊருக்கெல்லாம் சாப்பாட்டு நேரம் என்பதே அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்து குதித்ததை மற்ற ஜூனியர்கள் எனக்குச் சொன்னார்கள்.

"யாருய்யா அந்த அன்னம்மா? நிலம் அளக்கப் போனவ எங்க?"

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துகினு கீது சார். டெங்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வுட்ருப்பியா சார்?"

சீனியர் டைரியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றே அண்ணாவின் வேலை போயிற்று.

சாயங்காலம் அண்ணா தூக்கில் கஞ்சியோடு என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். "எனக்கு இன்னாம்மா, வேற ஆபீஸ் கீது. நீ மொதல்ல இத்தக் குடி" என்றார்.

இன்று எனக்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. என் டைரியிலும் ஒன்றரை மணிக்கு அன்னம்மாள் வழக்குதான். ஜூனியர்கள் எழுந்து போயே ஆகவேண்டும். உலகத்தில் எல்லாவற்றுக்கும் வாய்தா போட்ட அந்தப் புளுகர், எங்கள் சோற்றுக்கு மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.