பவுடர் தீர்ந்த நாள்

தட்டில் கிடந்த மீன் எண்ணெய் மாத்திரைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின. பிரிக்கப் பிரிக்க மறுபடியும் ஒட்டின. பேச்சிமுத்துவுக்கு அவற்றைப் பார்த்தால் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சித்திரை வெயில் கொளுத்தியது. திருமங்கலம் ரோட்டோரம் இருந்த அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியில், மாத்திரைமேல் டால்க் பவுடரைத் தூவிப் புரட்டுவதுதான் அவன் வேலை. தூவினால் தனித்தனியாக உருளும். தூவாவிட்டால் எள்ளுருண்டைபோல் கட்டியாகிவிடும். அந்தப் பவுடர்தான் நேற்றோடு தீர்ந்துபோயிருந்தது.

"இன்னைக்கு மெட்ராஸ் ஆபீசர் வாராரு மாப்ள. மாத்திரை ஒட்டியிருந்துச்சுன்னா நீ பெர்மனென்ட் ஆக முடியாது. வீட்ல உக்காந்து கனவு கண்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சூப்பர்வைசர் மலையாண்டி சொல்லிவிட்டுப் போனார்.

கனவு காண்பது பேச்சிமுத்துவின் பிறவிக் குணம். பொன்னிற மாத்திரை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், அதற்குள் ஒரு கடலே மெல்ல அசைவதாகத் தோன்றும், வேலை மறந்துபோகும். ஆனால் வேலை நிரந்தரமானால்தான் முத்துத்தாயைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு, வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் ஃபைலுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். வந்த மனிதரிடம் யார், எவர் என்று கேட்பது மதுரைப் பக்கத்தில் மரியாதையா, என்ன? பேச்சிமுத்து கும்பிட்டு அழைத்துப்போய் ஆபீஸ் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தான்.

"தம்பி, நான் வந்து…"

"மொதல்ல சாப்பிடுங்கய்யா, பேச்செல்லாம் அப்புறம்!"

இட்லி போனது. பதநீர் போனது. வந்தவர் ஒரு ஏப்பம் விட்டு அப்படியே கண்ணயர்ந்தார்.

பேச்சிமுத்து உள்ளே ஓடி, காலி டப்பாக்களைத் தட்டி ஒரு கைப்பிடி பவுடர் தேற்றினான். தூவினான். பாதித் தட்டுக்குக்கூடப் போதவில்லை.

"காத்தாடிய வேகமா வையிப்பா, காஞ்சு பிரிஞ்சிரும்" என்றாள் மாத்திரை பொறுக்கும் சுந்தரம்மாள்.

வைத்தான். தூவிய பவுடரும் கிளம்பிவிட்டது. அறை முழுக்க மார்கழிப் பனி இறங்கியது. வெயில் கீற்றில் அது மிதந்து மிதந்து சுழல, சுந்தரம்மாளின் புருவம்கூட நரைத்துப்போனது. அடடா, என்ன அழகு! பேச்சிமுத்து தன்னை மறந்து நின்றான்.

"வாயப் பொளந்து பாக்குறியே, எம்புட்டுத் தும்மல் வருது எனக்கு! தண்ணியத் தெளிச்சு அமுக்குப்பா!"

தெளித்தான். பவுடர் அடங்கியது. மாத்திரைகள் ஊறிக் குழைந்து, தட்டு முழுக்க ஒரே மாத்திரையாகிவிட்டது.

"போச்சு! வேலையும் போச்சு, முத்துத்தாயும் போச்சு!" தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் வாசலில் நின்றார்.

"மன்னிச்சிருங்கய்யா! பவுடரு மட்டும் இருந்திருந்தா ஒண்ணுகூட ஒட்டியிருக்காது" என்று பேச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

அவர் ஃபைலை விரித்து நீட்டினார்.

"அதத்தான் தம்பி காலையில இருந்து சொல்ல வாரேன், வாயத் தொறந்தா இட்லிய வைக்கிறீக. உங்க டால்க் பவுடரு பத்து மூட்டை ரோட்டு முக்குல என் லாரியில கெடக்கு, கையெழுத்துப் போட்டா எறக்கிட்டுப் போயிருவேன்."