தீரகேது சாகக் கூடாது

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் ராஜகுரு வாசிப்பதைச் சட்டென்று நிறுத்தினான். அங்கே இளவரசன் தீரகேது செத்துக் கிடந்தான்.

"ஏண்டா நிறுத்திட்ட?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவர் அவனுடைய தாய்மாமன் ஐயாத்துரை. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். மதுரையில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டையை முட்டுக் கொடுத்துப் படுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் சொல்லி அனுப்பியது கொஞ்சநஞ்சமல்ல. அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது. எதைச் செய்தாலும் தையல் விட்டுவிடும், தையல் விட்டால் கண் போய்விடும்.

வத்தல் வியாபாரி வீட்டில் தும்மாமல் படுத்திருப்பதென்றால் சும்மாவா? அத்தை மூக்கம்மாள் அன்றிலிருந்து அடுப்படியில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். பின்கட்டில் அடுக்கிக் கிடந்த வத்தல் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, யாரும் கிட்டே போகாதபடி காவல் காத்தாள். ராஜகுரு வாசித்துக் காட்ட வந்தபோது அவனையும் வாசலிலேயே மறித்தாள்.

"மருமகனே, ஒங்க மாமா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சுன்னு வையி, சரசுவதிய மறந்துரு. பந்தல்குடியில எங்க அண்ணன் மகன் லாரியோட காத்துக்கிட்டு இருக்கான்."

சரஸ்வதி மாமாவின் ஒரே மகள், அவனுக்கு முறைப்பெண். விவரம் தெரிந்த நாளாக அவளைத்தான் கட்டுவது என்று அவன் நினைத்திருந்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அத்தைதான் லாரியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசிக்கச் சொன்னது சாமி புத்தகமாக இருந்தால் வம்பே இல்லை. மாமா தலையணைக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தது 'கற்சிலை நகரம்', இரண்டாம் பாகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று எழுதிய மாயாஜாலக் கதை. முதல் பாகத்தை மாமாவும் மருமகனும் மண்டியில் மூட்டை மறைவில் உட்கார்ந்து மாறி மாறிப் படித்தவர்கள். ஏலத்தில் எதிராளியை அதட்டியே விலையை இறக்குகிற ஐயாத்துரை, ஓர் எட்டுக்கால் குதிரைக்குக் காலில் முள் குத்தியதற்காக மூக்கைச் சிந்தினார் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

அந்த முதல் பாகம், தீரகேது கற்சிலை நகரத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்ததோடு முடிந்துபோயிருந்தது. மற்றக் காலை எப்போது வைப்பான் என்று இரண்டு பேரும் வருஷக்கணக்கில் தவித்தார்கள். மெட்ராஸ் பதிப்பகத்துக்குக் கார்டுகூடப் போட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. இப்போதுதான் மற்றக் காலை வைத்தான். வைத்த மறு நிமிஷம் மந்திரவாதி கபாலகண்டனின் ஈட்டி அவன் மார்பில் இறங்கிவிட்டது.

இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ராஜகுருவுக்கு ஆத்திரம் பொங்கியது. எழுதியவன் எதிரே இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். ஆனால் ஆத்திரத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது. மாமாவின் கண்ணும் அவன் கல்யாணமும் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருந்தன.

"வாசிடா."

"வாசிக்கேன் மாமா. 'ஈட்டி சீறிப் பாய்ந்து வந்தது. தீரகேது சட்டென்று விலகினான். ஈட்டி ஒரு மரத்தில் போய்க் குத்தி நின்றது.'"

"கல்லு நகரத்துல ஏதுடா மரம்?"

"கல் மரம், மாமா."

"கல்லுல ஈட்டி குத்துமா?"

"மந்திர ஈட்டில்ல!"

மாமா 'உம்' என்றார். ராஜகுரு மூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த அத்தியாயத்தின் பெயர் 'கண்ணீர்க் கடல்'. இளவரசி அழுதாள், மந்திரி அழுதார், குதிரை எட்டுக் காலையும் மடக்கி விழுந்து கதறியது. எந்தப் பக்கம் புரட்டினாலும் அழுகைதான். யாராவது செத்தால்தான் இத்தனை பேர் அழ முடியும். செத்தால் யாருக்கும் நஷ்டமில்லாத ஆளாக அவசர அவசரமாகத் தேடினான்.

"'ஐயோ, நம் சமையல்காரன் பெருவயிறன் மாண்டானே என்று இளவரசி கதறினாள்.'"

மாமாவின் உதடு கோணியது.

"யாரு... காட்டுல தன் பங்குக் களியத் தீரகேதுக்குக் குடுத்துட்டுப் பட்டினி கெடந்தானே, அந்த மனுசனா?" என்றார். கட்டுக்குக் கீழே கன்னம் துடித்தது.

ராஜகுருவுக்குத் தூரத்தில் லாரி ஹார்ன் கேட்பது போலக்கூட இருந்தது.

"பொறுங்க மாமா, அவசரப்படாதீக! அடுத்த வரியிலயே எந்திரிச்சிட்டான். 'மூன்று பானைச் சோற்றைத் தின்ற மயக்கத்தில் கிடந்தவனைப் பாடையில் ஏற்றினார்கள். பாடையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.'"

மாமாவின் தொப்பை ஒரு தரம் குலுங்கியது. பிறகு கட்டிலே குலுங்கியது. ஒரு மணல் மூட்டை நழுவிக் கீழே விழுந்தது. ராஜகுரு புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்காதீக மாமா! கண்ணு! கண்ணு!"

"சிரிக்கிற மாதிரி வாசிக்காதடா, படுபாவி!"

இனிமேல் அழவும் வைக்காமல் சிரிக்கவும் வைக்காமல் வாசிப்பதே நல்லது என்று ராஜகுரு முடிவு செய்தான். தீரகேதுவைத் தெருவில் நடக்க விட்டான். 'அங்கே ஒரு தெரு இருந்தது. அதைத் தாண்டி இன்னொரு தெரு இருந்தது. அதுவும் நல்ல அகலமான தெருதான்' என்று ராகம் போட்டான். ஆனால் வாய் தெருவில் நடந்ததே தவிர, பாழாய்ப்போன கண் புத்தகத்தை விடவில்லை. அதில் தீரகேதுவின் உடலைத் தோணியில் கிடத்தித் தள்ளிவிட்டார்கள். தோணிக்குப் பின்னாலேயே அந்தக் குதிரை நீந்திப் போனது. ராஜகுருவின் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அடக்கப் பார்த்தும் விசும்பல் வெளியே கேட்டுவிட்டது.

"என்னடா, அழுறியா?"

"இல்ல மாமா... வத்தல் நெடி."

சொல்லக் கூடாத வார்த்தை. அடுப்படியில் இருந்த மூக்கம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்னது, நெடியா! கண்ணப் பறிகுடுக்கவா இங்கன வத்தல அடுக்கி வச்சிருக்கு? ஏய் சோலை! வா இங்க! மூட்ட அம்புட்டையும் தூக்கித் தெருவுல போடு!"

மண்டியில் மூட்டை தூக்குகிற சோலை ஓடி வந்தார். தார்ப்பாயை உருவினார். நாள்பட மூடிக் கிடந்த வத்தல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க, செக்கச்செவேலென்று தூசி கிளம்பி ஜன்னல் வழியாக நேரே கட்டிலைப் பார்த்து வந்தது. முதலில் சோலை தும்மினார். அடுத்து மூக்கம்மாள் தும்மினாள். ஒரு மூட்டையின் தையல் பிரிந்து வத்தல் முற்றமெல்லாம் சிதறியது. அதை வாரப் போனவள் மறுபடியும் தும்மினாள்.

மாமாவின் வாய் மெல்லத் திறந்தது.

"ஹா..."

"வேண்டாம் மாமா!"

"ஹா... ஹா..."

ராஜகுரு மாமாவின் மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்தினான். மாமாவின் நெஞ்சு ஏறிக்கொண்டே போனது. மாமா இனி வெளிச்சமே பார்க்காமல் போய்விடுவாரோ என்ற நினைப்பில் அவனுக்குச் சரஸ்வதி, லாரி எல்லாம் மறந்துபோயின. சின்ன வயதில் தன்னைத் தோளில் உட்கார வைத்துப் பொருட்காட்சி காட்டிய மாமா. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவர் காதில் கத்தினான்.

"தீரகேது ஜெயிச்சிட்டான் மாமா!"

தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எப்படிடா?"

எப்படியென்று ராஜகுருவுக்கே தெரியாது. அவன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். புத்தகத்தைப் பார்க்கவில்லை. கல் மரத்தில் நின்ற ஈட்டியைத் தீரகேது பிடுங்கினான் என்று ஆரம்பித்தான். அது கபாலகண்டன் மேல் பட்டதும் அவன் கல்லானான். அவன் கல்லானதும் நகரத்துக் கல்லெல்லாம் மனிதர்களாகிச் சோம்பல் முறித்தன. பெருவயிறன் உலை வைத்தான். இளவரசியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு தீரகேது தன் ஊரைப் பார்க்கப் புறப்பட்டான். சொல்லச் சொல்ல ராஜகுருவின் பயம் கரைந்துபோனது. இத்தனை வருஷமாக இதைக் கேட்கத்தானே ஏங்கிக் கிடந்தோம் என்று அவனுக்கே சந்தோஷமாக இருந்தது.

மாமா அசையவில்லை. அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு மாமா."

"ம். நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் அமைதியாகத் தூங்கிப்போனார்.

மூக்கம்மாள் மூக்கு சிவக்க உள்ளே வந்து கட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பரவாயில்ல, பொறுப்பான புள்ளதான். தையில பாத்துக்கிடுவோம்."

ராஜகுருவின் சந்தோஷம் வாசல்படி வரைகூட நீடிக்கவில்லை. நாளைக்குக் கட்டைப் பிரித்துவிடுவார்கள். புதுக் கண் கிடைத்த மனுஷன் முதல் வேலையாக எதை எடுத்துப் படிப்பார்? நாற்பத்து மூன்றாம் பக்கம் வரும். பச்சைப் புண்ணில் கண்ணீர் இறங்கும். கூடவே, மருமகன் ஒரு புளுகன் என்பதும் தெரிந்துவிடும். அவன் புத்தகத்தைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினான். அங்கே சரஸ்வதி அண்டாவை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சரசு, இத வெந்நி அடுப்புல போட்டுரு. சீக்கிரம்!"

"எதுக்கு அத்தான்?"

"இதுல தீரகேது செத்துப்போறான். மாமா தாங்க மாட்டாகன்னு நான் மாத்தி மாத்தி வாசிச்சிட்டேன். அவுக கையில இது கெடச்சா நம்ம கல்யாணம் அவ்வளவுதான்."

சரஸ்வதி சாம்பல் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆபரேசனுக்கு முந்தியே அப்பா பூதக்கண்ணாடிய வச்சு மூணு தடவ படிச்சிட்டாக அத்தான், மூணு தடவையும் அவன் செத்துத் தொலைஞ்சானாம், அதான் இந்தத் தடவயாச்சும் பொழைப்பானான்னு படிக்கிற ஆள மாத்திப் பாத்திருக்காக!"